இரண்டு முறை செத்த ராணி

இன்று காலை ஆறு நாற்பதுக்கு நான் முதலில் பார்த்தது, என் சட்டைக் காலருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஒரு பெண்ணின் முகம். முழு முகம் அல்ல. நெற்றி, ஒரு கண், மூக்குத்தி. வெளுத்து வந்த சட்டையை உதறிப் போடப் போனேன். காலரின் முனை நைந்து வாய் பிளந்திருந்தது. விறைப்புக்காக உள்ளே வைத்துத் தைத்திருந்த பட்டை வெளியே தலையை நீட்டியது. பிடித்து இழுத்தால், ஒரு பிலிம் துண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடுத்தடுத்த சதுரங்களில் அதே பெண், அதே மூக்குத்தி. எல்லாம் ஒரே படம் என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் இமை மட்டும் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

தையல்காரர் வீடு அடுத்த தெருதான். போய்க் கேட்டேன். "கொட்டகையில அந்து விழுந்த துண்டு சார். காலருக்கு இதைப்போல வெறைப்பு வேற எதுலயும் வராது. நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னிய" என்றார். சொன்னேன்தான். ஆக, சபையில் முன் பெஞ்சில் உட்காருகிற ஒரு கிழவன், போன வருஷம் முழுக்க ஒரு நடிகையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்குப் போய் வந்திருக்கிறான். கூடப் படித்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் சொல்லிச் சிரிக்கலாம்.

திரும்பி வரும் வழியில் அந்தத் துண்டை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தேன். விரலில் சூடம் மணத்தது.

எங்கள் வீட்டில் சூடம் கிடையாது. அப்பா பாளையங்கோட்டையில் மிஷன் சபையின் உபதேசியார். பாதிரியாருக்கு அடுத்தபடி ஜெபம் நடத்துவது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது, தப்பிப் போகிற ஆடுகளைத் திருப்பிக் கொண்டுவருவது எல்லாம் அவர் பொறுப்பு. கோயில் வாசனை எதுவும் எங்கள் வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வராது. அதனால், வருஷக்கணக்காக வீட்டுப் பக்கம் வராத அண்ணன் ஞானமுத்து, அப்பா வெளியூர் போயிருந்த ஒரு மத்தியானம் புறவாசல் வழியாக வந்து தன் துணி மூட்டையை நீட்டியபோது, அம்மா முதலில் செய்தது அதை மோந்து பார்த்ததுதான்.

"ஏலே, சூடமால்லா அடிக்குது! சாமி கும்பிட ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லம்மா. இது படச்சுருள் வாசனை. நான் இப்ப படத்துல வாரேன்."

படம் என்றால் அம்மாவுக்குச் சுவரில் மாட்டுவது. அண்ணன் மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினான். அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"யாருல இந்தப் பொம்பளை? களையாத்தான் இருக்கா."

"நான்தாம்மா."

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். தெருவில் யாரோ இருமினார்கள். அப்பா இருமுவது மாதிரி இருந்தது. அம்மா துண்டை அடுப்பில் போட்டுவிட்டாள். சூடம் மாதிரியே குப்பென்று பிடித்து, சாம்பல்கூட இல்லாமல் போயிற்று. தெருவில் இருமினது யாரோ எண்ணெய்க்காரன்.

அண்ணனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சபையின் பாடகர் குழுவில் அவன் குரல்தான் குரல். மற்றப் பையன்களுக்குத் தொண்டை உடைந்து கரகரத்த வயதில் இவனுக்கு உடையவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஊரில் ஒரு நாடகக் கம்பெனி வந்து தங்கிற்று. அது கிளம்பிப் போனபோது இவனும் வீட்டில் இல்லை. மதுரையில் ரத்தினம் என்ற பெயரில் பெண்வேஷம் கட்டுகிறான் என்று பிறகு தெரிந்தது. எங்கள் சபையில் நாடகம் பார்ப்பதே தலைகுனிவு. ஆடுவது அதற்கு மேல். புடவை கட்டி ஆடுவதற்குப் பேரே கிடையாது. யாராவது மூத்தவன் எங்கே என்று கேட்டால் அப்பா, "கொழும்புல. தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருக்கான்" என்பார். அம்மா, "அங்கன எப்பவும் மழையாம்" என்று சேர்த்துக்கொள்வாள். மழை அம்மாவின் சொந்தக் கற்பனை.

நான் அப்போது ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டு, அங்கேயே அச்சாகிற வாரப் பத்திரிகைக்கு உள்ளூர்ச் சேதியும் எழுதினேன். சேதியை மணியோடு ஆரம்பிக்க வேண்டும் என்பது ஆசிரியர் கட்டளை. என்னிடம் கடிகாரம் கிடையாது. வழியில் போகிறவர்களை நிறுத்தி மணி கேட்பேன். பாதிப் பேர் சூரியனைப் பார்த்துச் சொல்வார்கள். அதை நான் நிமிஷம் வரைக்கும் எழுதுவேன். அப்படித்தான் என் துல்லியத்துக்கு ஊரில் ஒரு பேர் உண்டாயிற்று.

முதல் ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு நாள் ஆசிரியர், "கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில என்னமோ ஆடுற படம் புடிக்காங்களாம். போய்ப் பாத்துட்டு வாரும் வே" என்று அனுப்பினார். இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். பத்திரிகைக்காரன் என்றால் கோட்டு வேண்டும் என்று யார் சொன்னார்களோ. ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது என் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

மருத மர நிழலில் ஒரு ராணி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பீடியை மணலில் குத்தி அணைத்தாள்.

"ஏலே தம்பி! நீயா பத்திரிகைக்காரன்?"

அண்ணன். முகம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. நாடகத்தில் அரிதாரம் பூசுவார்கள்; அது மஞ்சள். படத்தில் மஞ்சள் கறுப்பாக விழுமாம். அதனால் முத்துவெள்ளைப் பொடியைக் குழைத்து அப்பியிருந்தார்கள். அந்த வெள்ளைக்கு நடுவே கண்கள் அப்படியே எங்கள் அம்மாவுடையவை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நாலு பேர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் எழுதுகோலை எடுத்து அதைச் சீவ ஆரம்பித்தேன்.

கம்பெனியின் புகழ் பெற்ற நாடகம் 'நஞ்சுண்ட ராணி'. அதைத்தான் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். கதை சின்னது. ராஜா தன் மனைவியைச் சந்தேகப்பட்டு விரட்டுகிறான். அவள் ஆற்றங்கரையில் விஷத்தைக் குடித்து, பாடிக்கொண்டே சாகிறாள். ராஜா உண்மை தெரிந்து ஓடி வந்து புலம்புகிறான். மேடையில் ராஜாவின் புலம்பல்தான் உச்சம். ஆனால் ஜனங்கள் வருவது ராணி சாகிற பாட்டுக்கு.

படம் பிடிக்கிறவர் பம்பாய்க்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. முக்காலி மேல் பெட்டியை வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவார். சுற்றும்போது உதடு எண்ணிக்கொண்டிருக்கும். மணலில் ஜமுக்காளம் விரித்து ஹார்மோனியம் வேறு. ஊமைப் படத்துக்கு ஹார்மோனியம் எதற்கு என்று அண்ணனிடம் கேட்டேன்.

"சுருதி இல்லாம எப்படில சாவுறது?" என்றான்.

காட்சி ஆரம்பித்தது. அண்ணன் கிண்ணத்தைக் குடித்தான். பாடினான். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் அப்படியே நின்றார்கள். அக்ரகாரத்திலிருந்து ஈர வேட்டியோடு வந்தவர்கள், துவைத்த துணியைப் பிழியாமல் கையில் பிடித்திருந்த பெண்கள், அம்பாசமுத்திரம் சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள், எல்லோரும் கரையில். கடைசி அடியை இழுத்து, மணலில் சாய்ந்து, ராணி செத்தாள். அப்புறம் படித்துறையே இடிந்து விழுகிற மாதிரி ஒரு குரல்:

"ஒன்ஸ்மோர்!"

இப்போது உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அந்தக் கால நாடகத்தில் ஒரு பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டுவிட்டால், பாடினவர் மறுபடி பாடித்தான் ஆக வேண்டும். பாடாவிட்டால் கர்வம் என்பார்கள். கழுவிலேற்றப்பட்டவர்கள் இறங்கி வந்து பாடியிருக்கிறார்கள். செத்தவர்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. எழுந்து, சபைக்குக் கும்பிடு போட்டு, பாடி, பழையபடி செத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் எழுந்தான். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான். கரைக்குக் கும்பிட்டான். பாட்டை முதலிலிருந்து எடுத்தான். பம்பாய்க்காரருக்கு என்ன தெரியும்? இந்த ஊர்க் கதையில் ராணி எழுந்துகொள்வாள் போலிருக்கிறது என்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ராணி இரண்டாம் முறை செத்து முடிக்கவும் பெட்டியில் பிலிம் தீரவும் சரியாக இருந்தது. கிரீடத்தோடு தயாராக நின்ற ராஜா அப்படியே நின்றார்.

கம்பெனி முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏ ரத்தினம், உம்மை யாருவே எந்திரிக்கச் சொன்னா?"

"சபை கேட்டுதே மொதலாளி!"

கையில் வேறு பிலிம் இல்லை. ராஜாவின் புலம்பலுக்குப் பதிலாக நாலு வரி எழுத்தைப் போட்டுப் படத்தை முடித்தார்கள் என்று பிறகு அண்ணன் சொன்னான். நான் எழுதிய சேதியில் ராணி ஒரு தடவைதான் செத்தாள். நடந்தபடி எழுதினால் ஆசிரியர் நம்பமாட்டார். நடித்தவர் பெயர் ரத்தினம், மதுரை என்று போட்டேன்.

அம்மா அந்தத் துண்டை அடுப்பில் போட்டது இதற்குச் சில மாதம் கழித்து. அன்றைக்குப் புறவாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் என்னிடம் சொன்னான்: "அம்மா ஒருக்கா பாக்கணும்ல. முழுசா. சின்னத் துண்டுல என்ன தெரியும்?"

அவன் எங்கள் ஊருக்கு வந்திருந்ததே படத்தோடுதான். மேலப்பாளையத்து மைதீன் அண்ணாச்சி எங்கள் மைதானத்தில் படம் காட்டக் கூடாரம் போட்டிருந்தார். மண்ணெண்ணெய் எஞ்சின், தண்ணீர் தெளித்த மணல், வறுத்த கடலை இவை மூன்றும் கலந்த ஒரு வாசனை உண்டு. அதை இன்றைக்கு எந்தக் கொட்டகையிலும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. 'நஞ்சுண்ட ராணி'யில் பாட்டு இல்லாமல் ஜனங்கள் உட்காரமாட்டார்கள் என்று அண்ணாச்சி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். திரைத்துணிக்குப் பின்னால் அண்ணன் நிற்பான். துணியில் ராணி வாயைத் திறக்கும்போது பின்னாலிருந்து பாடுவான். பின்பக்கத் தட்டியை விலக்கிக்கொண்டு வருவான், அதே வழியாகப் போவான். ஊரில் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் தங்கை எஸ்தரைப் பெண் பார்த்து முடிவு செய்ய, நாசரேத்துப் பக்கத்திலிருந்து தேவசகாயம் வாத்தியார் குடும்பத்தோடு வந்திருந்தார். பையனும் வாத்தியார். பெரிய வாத்தியார் மாதிரி ஓர் ஒழுங்கான மனிதரை நான் பார்த்ததில்லை. சோறு உண்ணும்போதும் கோட்டைக் கழற்றமாட்டார். முதல் நாளே, "மூத்தவர் எங்க இருக்காரு?" என்று கேட்டார். அப்பா கொழும்பு என்றார். அம்மா மழையைச் சொன்னாள்.

மைதீன் அண்ணாச்சியிடம் கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் படம் ஒன்றும் இருந்தது. பாதிரியார் பார்த்துவிட்டு, சபை முழுவதும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார். ஒரு சாயங்காலம் சபைக்கு மட்டும் காட்ட ஏற்பாடாயிற்று. அப்பா எல்லோருக்கும் முன்னால் நடந்தார். சம்பந்தம் பேச வந்தவர்களும் கூட வந்தார்கள். பெண்கள் இடப்பக்கம் பாயில், ஆண்கள் வலப்பக்கம் மணலில். வாத்தியாருக்கு மட்டும் ஒரு பெஞ்சு. மரியாதைக்கு அவர் பக்கத்தில் நான்.

அப்பா ஒரு நீண்ட மூங்கில் கம்போடு திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு காட்சியையும் விளக்கினார். பள்ளிக்கூடத்தில் தேசப்படம் காட்டுகிற மாதிரி. ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது. சீஷன் ஒருவன் தீக்காய்ந்துகொண்டே, தன் குருவை யாரென்றே தெரியாது என்கிற இடத்தில் அவர் பேச்சைத் தாழ்த்தினார். பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. கடைசியில் கல்லறையிலிருந்து வெள்ளை உருவம் எழுந்தபோது வேதக்கண்ணுப் பெரியவர் மணலில் முழங்கால் போட்டார். அவருக்குப் பின்னால் பாதிச் சபை போட்டது. அப்பாவின் வாழ்க்கையில் அதுதான் சிறந்த பிரசங்கம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஜெபம் சொல்லி எழுந்திருக்க வேண்டியதுதான். அதற்குள் பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது: "கொஞ்சம் பைய இருங்க ஐயாமாரே, இன்னும் ஒரு சுருள் இருக்கு."

படம் மிச்சம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்பாவும். கம்பைத் தூக்கிக்கொண்டார்.

தலைப்பு எதுவும் வரவில்லை. ஆற்றங்கரை. மருத மரம். தலைமுடியை விரித்துப் போட்ட, வெள்ளை முகத்துப் பெண் ஒருத்தி, கண்ணில் நீரோடு.

அப்பா கம்பை அவள் கன்னத்தில் வைத்தார். துணி லேசாக நெளிந்தது.

"இது மகதலேனா மரியாள்" என்றார். "ஆண்டவரைக் காணாம அழுதா."

சபை உச்சுக் கொட்டிற்று. என் பக்கத்தில் வாத்தியார் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். அந்த மரத்தடியில்தான் நான் எழுதுகோலைச் சீவிக்கொண்டு நின்றேன். எழுந்து ஓடிப் போய் விளக்கை அணைக்கச் சொல்லலாமா, அணைத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று யோசிப்பதற்குள், துணிக்குப் பின்னால் பாட்டு ஆரம்பித்தது.

குரல் எடுத்ததும் அப்பாவின் கம்பு அப்படியே நின்றது. மகதலேனா மரியாளின் கன்னத்தில்தான் நின்றது. முகத்தை அவர் அடையாளம் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் குரலைப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிறுத்திப் பழக்கினவர் அவர். கம்பு மெல்லக் கீழே இறங்கிற்று. பெண்கள் பக்கம் அம்மா எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சொல்லவும் உட்கார்ந்தாள். எஸ்தரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பாடுதது எம் பிள்ளைலா" என்றாளாம். எஸ்தர் அவள் வாயைப் பொத்தினாளாம்.

ராணி கிண்ணத்தைக் குடித்தாள். செத்தாள். சபை ஒரு தினுசாக விழித்தது. மகதலேனா மரியாள் விஷம் குடித்ததாக யாரும் வாசித்ததில்லை. அப்போது, ராணி எழுந்தாள். மணலைத் தட்டினாள். எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அல்லேலூயா!" என்றார் வேதக்கண்ணுப் பெரியவர்.

நாலைந்து பேர் கூடச் சொன்னார்கள். அப்புறம்தான் ஒரு இளவட்டம் சிரித்தான். "ஏய், இது உயிர்த்தெழுதல் இல்லவே, கூத்து! ஆம்பளை பொம்பளை வேசம் கட்டியிருக்கான்!" சிரிப்பு ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடிற்று. மணலில் முழங்கால் போட்டவர்கள் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். "ஆண்டவரையே கேலி பண்ணுதானுவ!" "உபதேசியாரே காட்டிக்கொடுக்காரு பாரும், மரியாளாம், மரியாள்!" அப்பா திரைக்குப் பக்கத்திலேயே நின்றார். படத்தின் வெளிச்சம் அவர் வெள்ளைச் சட்டையிலும் விழுந்து, ராணியின் புடவைக் கரை அவர் தோளில் ஆடிற்று.

பின்னால் பாட்டு நிற்கவில்லை. இரண்டாம் சாவு வரைக்கும் பாடி முடித்தான்.

இதை அண்ணன்தான் ஏற்பாடு செய்தான் என்று பிறகு அண்ணாச்சி என்னிடம் சொன்னார். அவன் யார் மகன் என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. "அந்தப் பய காலைப் புடிக்காத குறைவே. சாமி படம் முடிஞ்சதும் அதே துணியில என் சுருளையும் ஓட்டுங்க அண்ணாச்சி, அதே துணி, அதே வெளக்கு, பொறவு இதை மட்டும் பாவம்னு எப்படிச் சொல்லுவாவன்னான். அல்லேலூயா கேட்டதும் அழுதான்வே. வேதக்காரங்க ஒன்ஸ்மோரை அப்படித்தான் சொல்லுவாங்க அண்ணாச்சின்னான்."

துணிக்குப் பின்னால் இருந்தவனுக்கு எங்கள் முகங்கள் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது, சிரிப்பையும் அவன் ரசிப்பு என்றே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சம்பந்தம் பேச வந்தவர்கள் அங்கே இருப்பதும் தெரியாது. விளக்கு ஏற்றியதும், அன்றைக்கு முதல் தடவையாகப் பின்பக்கம் போகாமல், துணியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகம் கழுவி வகிடு எடுத்திருந்தான். நேரே அப்பாவிடம் போனான்.

வாத்தியார் அதற்குள் பெஞ்சிலிருந்து எழுந்து அப்பாவிடம் போயிருந்தார். நானும் அவர் பின்னால். வாத்தியார் அண்ணனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி அண்ணனை. மூக்கும் நெற்றியும் ஒரே அச்சு; குருடனுக்கும் தெரியும்.

"உபதேசியாரே" என்றார் வாத்தியார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "இந்தத் தம்பி உங்களுக்கு வேண்டிய பிள்ளையா?"

அப்பா கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"யாருன்னே தெரியாது" என்றார். "நம்ம மூத்தவன் கொழும்புலலா இருக்கான்."

மூத்தவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அண்ணன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாற்றாமல் வைத்திருக்க அவனுக்குத் தெரியும். பெண்கள் பக்கம் எஸ்தரைப் பார்த்தான். புதுப் புடவையைப் பார்த்தான். வாத்தியாரின் கோட்டைப் பார்த்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் மடித்துக்கொண்டான்.

"ஆமாங்க ஐயா, நான் மதுரைப் பக்கம்" என்று வாத்தியாரிடம் சொன்னான். "உபதேசியார் ஐயா நல்லா வெளக்கஞ் சொன்னாவ. அதைச் சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்." அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டான். "வாரேன் ஐயா."

என்னை அவன் பார்க்கவேயில்லை. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது தட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது வாத்தியார் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு வந்தார். கீர்த்தனை என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்நியன் ஒருவனுடைய கூத்தைச் சபைக்குக் காட்டும்படி ஆகிவிட்டதற்காக அப்பா எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். 'அந்நியன்' என்ற சொல் வந்தபோது நான் கூரையின் கைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தரின் கல்யாணம் நல்லபடி நடந்தது. திருநெல்வேலியிலிருந்து போட்டோக்காரர் வந்து, எங்களை எல்லாம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஒரு படம் எடுத்தார். இமைக்கக் கூடாது என்றார். அம்மா இமைத்துவிட்டாள்.

அண்ணன் சேர்ந்திருந்த கம்பெனி மறு வருஷம் கப்பலேறிக் கொழும்புக்குப் போயிற்று. அங்கே காய்ச்சலில் அண்ணன் இறந்துபோனான். மழைக்காலமாம். சபையில் அதை அறிவிக்கும்போது அப்பா முன்பு சொன்ன எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பெரிய வாத்தியார் வெகுகாலம் இருந்தார். அவர் போன பிறகு எஸ்தர் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்:

"எங்க மாமாவுக்கு நாடகம்னா உசுருண்ணே. தூத்துக்குடிக்கு வில்வண்டியில போவாவ, யாருக்கும் தெரியாம, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு. மூத்தண்ணன் நாடகம்னா ஒண்ணையும் விடமாட்டாவளாம். அன்னைக்குக் கூடாரத்துல அப்பாட்ட கேட்டாவள்ல? எம் மகன்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரத்தினம் அப்பனோட சம்பந்தம் பண்ணுதேன்னு கையைப் புடிச்சிருப்பேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாவ. அப்பா தெரியாதுன்னதும் அவுகளுக்கு வெட்கமாப் போச்சாம். பொறவு நாடகம் பக்கமே போவல."

அடுத்த அறையில் அப்பா கட்டிலில் இருந்தார். காது நன்றாகக் கேட்கும். சில நாள் கழித்து, நான் பத்திரிகையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டார்.

"ஏலே, அந்தப் படம் இப்ப எங்கன ஓடுது?"

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. மேலப்பாளையத்துக்குப் போனேன். மைதீன் அண்ணாச்சி கூடாரத்தை எப்போதோ விட்டுவிட்டு ஜவுளிக்கடை வைத்திருந்தார். நினைவு இருந்தது. "அதுக்கு ஒரே பிரதிதான்வே. மூலப்படம் மெட்ராஸ்ல தீயில போச்சு. எங்கிட்ட இருந்ததைச் சுருளோட ஒருத்தன் எடுத்துக்கிட்டுப் போனான். சோடா உப்புப் போட்டு வேகவச்சா அதுல வெள்ளி எறங்குமாம். மிஞ்சுற தகடு சீப்பு செய்யுதவனுக்கு. நல்லாப் பளபளன்னு வந்துதுன்னான்."

அதைத் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். வேகவைத்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். மேலே வாசி என்று கையைக் காட்டினார்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு போட்டோ உண்டு. அது எஸ்தரின் கல்யாணத்தில் எடுத்தது; அதில் அண்ணன் இல்லை.